பெரிய ஐ.டி. கம்பெனியை விட்டு விலகுவது: செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், சிங்கப்பூர், அமெரிக்கா என்று பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு வேலைக்குப் போனவர்களுக்கும், ஊரில் இருக்கிற அவர்கள் வீட்டாருக்கும் எழுதியது. சம்பளம் போதவில்லை என்பவர்கள் வேறு வேலை தேடிக்கொள்வார்கள், அவர்களுக்கு இவ்வளவு யோசனை தேவைப்படாது. சம்பளம் நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் இருக்க முடியவில்லை என்பவர்களுக்குத்தான் இது. விதிகள் இந்தியாவில் வேலை பார்ப்பவர்களுக்கானவை. வெளிநாட்டுக்குத் தனிக் கேள்வி கீழே உண்டு.

"கல்ச்சர் சரியில்லை" என்பதெல்லாம் வேலையை விட ஒரு காரணமா?

காரணம்தான். 2018 நவம்பர் 1 அன்று கூகுள் ஊழியர்கள் சுமார் 20,000 பேர் உலகம் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தது சம்பள உயர்வுக்காக அல்ல. பாலியல் புகார்களை நிர்வாகம் கையாண்ட விதத்துக்காக. ஊபரில் அதே மாதிரிப் புகார் 2017இல் வெளியே வந்து, அந்த ஆண்டு நடுவிலேயே அதன் தலைவர் பதவி விலகினார். ஊழியர்களை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தி வரிசைப்படுத்தும் மதிப்பீட்டு முறையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது. ஆக, இது மனம் மெலிந்தவர்களின் புலம்பல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் "கல்ச்சர்" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு தொல்லைகள் ஒளிந்திருக்கும்: மேனேஜர், டீம், கம்பெனியின் விதி, அல்லது அந்த வேலையே. எது என்று தெரியாமல் விலகுகிறவர் அதே தொல்லையை வேறு முகவரியில் போய்ச் சந்திப்பார்.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆறு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். காகித நோட்டு, அல்லது சொந்த ஃபோன். ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம். கோபத்தை எழுதாதீர்கள். நேரம், கேட்டவர், கேட்டது, அது உண்மையிலேயே அவசரமா என்பது போதும். ஒரு பதிவு இப்படி இருக்கும்: "செவ்வாய் இரவு 10.40. ரிப்போர்ட் உடனே வேண்டும் என்று மேனேஜர். 12.15க்கு அனுப்பியது. மறுநாள் மதியம் 3 மணிக்குத்தான் திறந்து பார்த்தார்."

ஆறு வாரம் கழித்து வாசித்தால் தானாகத் தெரியும். கேட்டவர் பெயர் எல்லா வரியிலும் ஒன்றாகவே இருந்தால் அது ஆள் பிரச்சினை. மேனேஜரே மேலிடத்துக்குப் பயந்து நடுங்குகிறார், பக்கத்து டீமிலும் இதே கதை என்றால் கம்பெனிப் பிரச்சினை. அமெரிக்க நேரத்துக்கு ஏற்ப இரவில் நடக்கும் மீட்டிங்குகள்தான் பாதி என்றால் அது அந்த வேலையின் அமைப்பு, யாரையும் திட்டிப் பயனில்லை. எல்லோரும் நல்லவர்கள், ஆனால் காலையில் லேப்டாப்பைத் திறக்கவே கை வரவில்லை என்றால் வேலை பிடிக்கவில்லை என்று பொருள், அல்லது உடம்புக்கு முடியவில்லை. பின்னதற்கு மருத்துவர் வேண்டும், ராஜினாமாக் கடிதம் அல்ல. மனநல உதவிக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

இந்த நோட்டு இன்னொரு வேலையும் செய்யும். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் தேதியோடு எழுதிய குறிப்புதான் கையில் நிற்கும்.

ஆள்தான் பிரச்சினை என்றால்?

உள்ளேயே டீம் மாறப் பாருங்கள். பெரிய கம்பெனியில் இருப்பதன் உண்மையான லாபம் இது ஒன்றுதான். பல இடங்களில் ஒரே பொறுப்பில் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ இருந்தால்தான் மாற விடுவார்கள். மதிப்பீடு கீழே போய்விட்டாலோ, பி.ஐ.பி. என்ற "செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தில்" பெயர் ஏறிவிட்டாலோ அந்தக் கதவு மூடிவிடும். ஆகவே மேனேஜரோடு உரசல் ஆரம்பித்த காலாண்டிலேயே தேடுங்கள், அப்ரைசல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விண்ணப்பித்த உடனே இப்போதைய மேனேஜருக்குத் தகவல் போகுமா, புது டீம் சம்மதித்த பிறகுதான் போகுமா என்பதை உள் விதியில் முதலில் வாசித்துவிடுங்கள். இது தெரியாமல் விண்ணப்பித்து மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

எந்த நிலையில் காத்திருக்கவே கூடாது?

கள்ளக் கணக்கில், பொய் பில்லில், வாடிக்கையாளரை ஏமாற்றுவதில் உங்கள் கையெழுத்தைக் கேட்டால். உடம்பு கெட்டு மருத்துவர் எழுதிக் கொடுத்தால். பாலியல் தொல்லை என்றால்.

கடைசியாகச் சொன்னதற்கு, பெண்களைக் காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும், அதில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். ராஜினாமா செய்துவிட்டால் புகார் தர முடியாது என்று எச்.ஆர். சொன்னால் நம்பாதீர்கள். காலக்கெடுவுக்குள் இருந்தால் வேலையை விட்ட பிறகும் தரலாம்.

பி.ஐ.பி. கொடுத்துவிட்டார்கள். இன்றே ராஜினாமா எழுதிக் கொடு, இல்லாவிட்டால் டெர்மினேட் செய்வோம் என்கிறார்கள்.

அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "வாசித்துவிட்டு நாளை பதில் தருகிறேன்" என்று எழுந்து வந்துவிடலாம், அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. வெளியே வந்ததும், யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எச்.ஆர்.க்கு ஒரு மெயில் அனுப்புங்கள். நான்கு வரி போதும், குற்றச்சாட்டு வேண்டாம். அதற்கு மறுப்பு வராவிட்டால் அதுவே பின்னால் சாட்சி.

பிறகு பேரம். தானாக விலகியவர் நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு சரி. அவர்களே போகச் சொல்கிறார்கள் என்றால் இரண்டு மூன்று மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீட்டை நீட்டித்தல், பழி இல்லாத ரிலீவிங் கடிதம் (பணியிலிருந்து விடுவித்ததாகத் தரும் கடிதம்) என்று கேட்க இடமுண்டு. கேட்காதவருக்கு யாரும் தர மாட்டார்கள்.

ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது, சென்னையில் சங்கங்கள் இயங்குகின்றன. ஆனால் தொழில் தகராறாகக் கொண்டுபோக, செய்த வேலையின் தன்மை சட்டம் சொல்லும் தொழிலாளர் வரையறைக்குள் வர வேண்டும். விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று அச்சடித்ததால் மட்டும் ஒருவர் வெளியே போய்விட மாட்டார். ஆட்களை எடுக்கவும் நீக்கவும் உண்மையில் அதிகாரம் இருந்ததா என்று பார்ப்பார்கள். இன்னொன்று: வேலை பார்த்த அலுவலகம் சென்னையில் என்றால் பொதுவாக அங்குள்ள தொழிலாளர் அலுவலகம்தான். வீடு காரைக்குடியில் என்பதற்காகச் சிவகங்கைக்குப் போய் அலைய வேண்டாம்.

ராஜினாமாத் தேதியை எப்படி முடிவு செய்வது?

விலகும் முடிவை மனசு எடுக்கலாம். தேதியைக் கணக்குதான் எடுக்க வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

போனஸ்: பெரும்பாலான ஒப்பந்தங்களில், போனஸ் பட்டுவாடா ஆகும் நாளில் வேலையில் இருக்க வேண்டும் என்று இருக்கும். சிலவற்றில், அந்த நாளில் நோட்டீஸ் காலத்தில்கூட இருக்கக் கூடாது என்று இருக்கும். நோட்டீஸ் 90 நாள் என்றால் இந்த இரண்டுக்கும் இடையில் மூன்று மாத வித்தியாசம் வரும், ஆகவே அந்த வரியை எழுத்து எழுத்தாக வாசியுங்கள்.

ஜாயினிங் போனஸ்: ஓராண்டுக்குள் அல்லது ஈராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்கள். வலி எங்கே என்றால், உங்களுக்குக் கொடுத்தபோது வரி போகக் கொடுத்தார்கள், கேட்கும்போது முழுத் தொகையையும் கேட்பார்கள். 3 லட்சம் என்றால் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ்ஸும் போய்க் கைக்கு வந்தது 2,06,400 ரூபாய். திருப்பித் தர வேண்டியது 3 லட்சம். வாங்கிய அதே நிதியாண்டிலேயே திருப்பினால் சம்பளக் கணக்கில் நேர்செய்து அந்த 93,600ஐ மீட்க வழி உண்டு. மார்ச் 31 தாண்டினால் அது பெரும்பாடு.

கிராஜுவிட்டி (பணிக்கொடை): ஐந்து ஆண்டு தொடர் பணி வேண்டும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் (2025 நவம்பர் 21 முதல், இவை மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக அந்தப் பாதி), அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை 60,000, ஆறு ஆண்டு என்றால் 2,07,692 ரூபாய். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாவது ஆண்டில் விலகுகிறவர்கள் கவனியுங்கள்: ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதையும் முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்பளித்தது. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனங்களுக்குச் சட்டம் 190 நாள் என்கிறது. ஆனாலும் ஐந்து ஆண்டு முழுசாக ஆகவில்லை என்று சில நிறுவனங்கள் இழுத்தடிக்கும். இரண்டு மாதம்தான் குறைகிறது என்றால் வழக்குப் போடுவதைவிட இருந்துவிட்டுப் போவது லேசு.

பங்குகள்: அடுத்த கேள்வி.

இந்த நான்கு தேதிகளையும் ஒரே தாளில் எழுதி, பக்கத்தில் தொகையைப் போட்டு ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுங்கள். நம் பக்கத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. "இன்னும் பதினொரு வாரம் இருந்தால் 4 லட்சம்" என்று தெரிந்தால் பலருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க முடியும். "பதினொரு வாரத்துக்கு 40 ஆயிரம்தானா" என்று தெரிந்தால் அன்றே எழுதிக் கொடுக்கலாம்.

இன்னும் வெஸ்ட் ஆகாத (தருவதாகச் சொல்லி இன்னும் கைக்கு வராத) பங்குகள் போய்விடுமே?

போய்விடும். அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அமேசானில் நெடுங்காலம் இருந்த பங்கீட்டைப் பாருங்கள்: முதல் ஆண்டு 5 சதவீதம், இரண்டாம் ஆண்டு 15, பிறகு 40, 40. இரண்டு ஆண்டு முடிந்த பிறகும் 80 சதவீதம் முன்னால்தான் தொங்கும். எந்த நாளில் கணக்குப் பார்த்தாலும் "இன்னும் கொஞ்சம் இருந்தால்" என்றுதான் வரும். ஆகவே அடுத்த ஒரு வெஸ்டிங் தேதியை மட்டும் கணக்கில் எடுங்கள், அதற்கு அப்பால் உள்ளதை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய கம்பெனியில் சேர்பவர்கள், விட்டுவரும் பங்கின் மதிப்பை எழுதிக் காட்டி ஈடு கேட்கலாம், பெரிய இடங்களில் இது வழக்கம். ஸ்டாக் ஆப்ஷன் (குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை) வைத்திருப்பவர்களுக்கு வேறு பொறி: விலகிய பின் பல திட்டங்களில் 90 நாளுக்குள் பணம் கட்டிப் பங்காக மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் காலாவதி.

அமெரிக்கப் பங்கு கையில் இருப்பவர்கள் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பியே ஆக வேண்டும். விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் வரலாம். அங்கே குடியில்லாதவர் இறந்தால், 60,000 டாலருக்கு மேற்பட்ட அமெரிக்கச் சொத்துக்கு அந்நாட்டு மரபுரிமை வரியும் உண்டு. பங்கை விற்றுப் பணத்தை ஊருக்குக் கொண்டுவர இது ஒரு நல்ல காரணம்.

நோட்டீஸ் 90 நாள். சீக்கிரம் விடச் சொல்லி வாங்க முடியுமா?

கேட்கலாம். பை-அவுட் (மிச்ச நோட்டீஸ் நாளுக்குப் பணம் கட்டிவிட்டுப் போவது) உரிமை யாருக்கு என்று நியமனக் கடிதத்தில் பாருங்கள். "நிறுவனத்தின் விருப்பப்படி" என்றிருந்தால் பணம் கட்டத் தயாராக இருந்தாலும் மறுக்கலாம். தொகை அடிப்படைச் சம்பளத்திலா மொத்தச் சம்பளத்திலா என்பதுதான் முக்கியம். அடிப்படை 60,000, மொத்தம் 1,50,000 என்றால் 60 நாள் பாக்கிக்கு முன்னது 1.2 லட்சம், பின்னது 3 லட்சம். மிச்சமிருக்கும் ஈட்டிய விடுப்பை ஈடுகட்டச் சொல்லியும் கேளுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது மட்டும் வேண்டாம். "அப்ஸ்காண்டிங்" என்று பதிவாகிவிட்டால் அடுத்த கம்பெனியின் பின்னணிச் சோதனையில் வரும், ரிலீவிங் கடிதமும் வராது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்கிறது. 45 நாள் ஆகும் என்று பழைய பழக்கத்தில் சொன்னால் இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போடுங்கள். கிராஜுவிட்டிக்குத் தனியாக 30 நாள்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தை எடுத்துவிடலாமா?

வேண்டாம், புதுக் கம்பெனிக்கு மாற்றுங்கள். ஐந்து ஆண்டு தொடர் பணி ஆகாமல் எடுத்தால் வரி உண்டு, 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் 10 சதவீதம் அங்கேயே பிடிப்பார்கள். பழைய கம்பெனிக் காலமும், மாற்றியிருந்தால், அந்த ஐந்தில் சேரும். பத்து ஆண்டு சேவை சேர்ந்தால் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும், இடையில் எடுத்தால் அது அறுபடும். கொஞ்ச காலம் வேலையில்லாமல் இருந்தாலும் கணக்கில் வட்டி ஏறும், ஆனால் விலகிய பின் சேரும் வட்டிக்கு வரி உண்டு.

சிக்கல் வருவது பெரும்பாலும் விலகிய தேதியில். கம்பெனி அதைப் பதியாவிட்டால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தளத்தில் நீங்களே பதியலாம். ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.பில் ஒரு பெயர் என்றால் அதற்கு முன்பே சரிசெய்யுங்கள். நம் ஊரில் அப்பச்சி பெயரின் முதலெழுத்து ஒரு சான்றில் முன்னாலும் ஒரு சான்றில் பின்னாலும் இருக்கும், ஊர்ப் பெயரின் எழுத்தும் சேர்ந்து இரண்டு எழுத்தாக நிற்கும். இந்த ஒரு எழுத்துக்காகவே விண்ணப்பம் திரும்பி வரும்.

அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீடு?

கம்பெனியின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடியும், பெற்றோருக்கும் சேர்த்து. ஆகவே ராஜினாமா எழுதும் முன்பே தனிப் பாலிசிக்கு விண்ணப்பியுங்கள். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்டால், குழுவில் இருந்த காலம் காத்திருப்புக் காலத்தில் கழியும். புதிதாக வாங்கினால் முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் பணம் வராது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். இருக்கும் நோயை மறைத்து எழுதாதீர்கள், பின்னால் க்ளெய்ம் மறுக்க அதுவே வழி. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. பாலிசி எடுக்கும் முன், மதுரையிலும் திருச்சியிலும் நீங்கள் உண்மையில் போகக்கூடிய மருத்துவமனை ரொக்கமில்லாப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னைப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் நடுராத்திரியில் உதவாது.

கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு விலகலாம்?

அடுத்த வேலை கையில் இருந்தால் மூன்று மாதச் செலவு போதும், ஏனெனில் சேரும் தேதி தள்ளிப்போவது சகஜம். இல்லாமல் விலகினால் ஒன்பது மாதமாவது. மாதச் செலவு என்று எழுதும்போது வாடகை, தவணை, காப்பீடு மட்டும் எழுதிவிட்டு நிற்காதீர்கள். ஊர்க் கணக்கும் உண்டு: பங்காளிகளுக்குப் பொதுவான பங்கு வீட்டின் மராமத்தில் உங்கள் பங்கு, கோயில் வரி, வரிசையாக வரும் கல்யாணங்களின் முறை. சம்பளம் நின்றதால் இவை நிற்காது.

சம்பளக் கணக்கு, சம்பளம் வராமல் சில மாதம் போனால், சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறும். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று சில வங்கிகளில் பிடிக்க ஆரம்பிப்பார்கள். வீட்டுக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கியில் நாற்காலிகூடக் கிடைக்காது.

வீட்டில் எப்படிச் சொல்வது?

முடிவைச் சொல்வதற்கு முன் தேதியையும் தொகையையும் சொல்லுங்கள். "என்னால முடியல" என்று ஆரம்பித்தால் அன்று ராத்திரி ஆத்தா தூங்க மாட்டார்கள். மறுநாள் அம்மான் ஃபோன் செய்வார், அதற்கடுத்த நாள் ஊருக்கே தெரியும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அப்பச்சி, ஆகஸ்ட் கடைசி வரைக்கும் சம்பளம் வரும். அதுக்கப்புறம் பத்து மாசச் செலவு தனியா எடுத்து வச்சிருக்கேன். வீட்டுக் கடன் தவணை நிக்காது. உங்க ரெண்டு பேருக்கும் இன்சூரன்ஸ் தனியா போட்டாச்சு. இந்தாங்க, கணக்கைப் பாருங்க."

(அப்பச்சி, ஆத்தா என்று அழைக்காத வீட்டார் அப்பா, அம்மா என்று வாசித்துக்கொள்ளவும். கணக்கு எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.)

"நிலையான வேலையை யாராவது விடுவார்களா" என்று பெரியவர்கள் கேட்டால் அவர்கள் வீட்டுப் பெட்டகத்திலேயே பதில் இருக்கிறது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க (தொழில் செய்ய) போன ஏஜென்டுகள் ஆயுளுக்கும் ஒரே கடையில் உட்காரவில்லை. பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. கெடு முடிந்ததும் பேரேட்டை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறி ஊருக்கு வந்து, ஓய்வெடுத்துவிட்டு, வேறு கடைக்கோ அதே கடைக்கோ மறுபடி பேசிப் போனார்கள்.

கல்யாணப் பேச்சு நடக்கும் வீடு என்றால் நிலைமை வேறு, அதை மழுப்புவதில் பயனில்லை. வேலையில்லாத இடைவெளியில் வரன் தேடினால் கேள்வி வரும். ஆகவே முடிந்தவரை அடுத்த வேலையின் கடிதத்தோடு விலகுங்கள். ஆனால் விலகியதை மறைத்துப் பேசி முடிக்காதீர்கள். இசைபிடிமானம் (திருமண ஒப்பந்தம்) எழுதிய பிறகு தெரிய வந்தால் வேலை போனதைவிட அதுதான் பெரிய பேச்சாகும்.

போகும்போது ஃபைல்களை எடுத்துக்கொள்ளலாமா?

உங்கள் பெயரில் உள்ள தாள்கள் மட்டும்: நியமனக் கடிதம், எல்லாச் சம்பளச் சீட்டு, படிவம் 16, அப்ரைசல் கடிதங்கள், பங்குத் திட்ட ஒப்பந்தம், காப்பீட்டு அட்டை. இவற்றை ராஜினாமாவுக்கு முன்பே இறக்கி வையுங்கள், சில இடங்களில் அன்று மாலையே உள்நுழைவு போய்விடும். நீங்களே எழுதியதானாலும் நிரல் கம்பெனியுடையது. சொந்த மெயிலுக்கு அனுப்பினால் பதிவாகும், நோட்டீஸ் கொடுத்தவர்களின் பழைய பதிவுகளைத்தான் முதலில் புரட்டுவார்கள். ஆபீஸ் எண்ணில் வங்கி ஓ.டி.பி. வருகிறதென்றால் அதை மாற்றிவிட்டு மறு வேலை பாருங்கள்.

எக்ஸிட் இன்டர்வியூவில் (விலகும்போது எச்.ஆர். நடத்தும் பேட்டியில்) உண்மையைச் சொல்லலாமா?

நடந்ததைச் சொல்லலாம், ஆளைப் பற்றிய தீர்ப்பைச் சொல்ல வேண்டாம். "ஜூனில் எட்டு வார இறுதி நாட்களில் ஆறு நாள் வேலை" என்பது அவர்கள் எழுதிக்கொள்ளக்கூடியது. "அவர் ஒரு கொடுங்கோலர்" என்பது உங்களைப் பற்றி எழுதிக்கொள்வது. அதனால் எதுவும் மாறும் என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். மாற்ற நினைத்திருந்தால் போகிறவரிடம் கேட்கும் வரை காத்திருக்க மாட்டார்கள்.

போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களே?

வேலையை விட்ட பின் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி செல்லாது. இரகசியம் காக்கும் ஷரத்து செல்லும். இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதி வாங்கும் பாண்டுகளை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: குறித்த காலத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் ஷரத்து செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொல்லிவிட்டது.

சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருந்தால்?

அமெரிக்காவில் எச்-1பி வேலை விசா வைத்திருப்பவருக்கு, தானாக விலகினாலும், அதிகபட்சம் 60 நாள். அதற்குள் புது நிறுவனம் மனுப் போட வேண்டும், அல்லது விசா மாற வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) ஒப்புதல் ஆகி 180 நாள் கடந்திருந்தால், பழைய கம்பெனி திரும்பப் பெற்றாலும் பொதுவாக ஒப்புதலும் வரிசைத் தேதியும் நிற்கும். 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தை அவசரப்பட்டு எடுத்தால், 59½ வயதுக்கு முன் பொதுவாக 10 சதவீத அபராதமும் வரியும்.

சிங்கப்பூரில், வெளிநாட்டவர் வேலையை விடும்போது நிறுவனம் ஐ.ஆர்.21 படிவம் தாக்கல் செய்து, வரி தீரும் வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும். கைச்செலவுக்கு ஒரு மாதப் பணம் தனியாக வைத்துக்கொள்ளாவிட்டால் வீட்டு வாடகைக்கே திண்டாட்டம்.

நெடுநாள் கழித்து ஊருக்கே திரும்புகிறவர்கள், முந்தைய 10 ஆண்டில் 9 ஆண்டு இந்தியாவில் வரிக் குடியிருப்பாளராக இல்லாதிருந்தால், திரும்பிய பின் சில காலம் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லாத நிலை கிடைக்கும். பங்குகளை விற்க அதுதான் நேரம். ஆடிட்டரிடம் கப்பல், விமானம் ஏறும் முன் பேசுங்கள், இறங்கிய பின் அல்ல.

அடுத்த கம்பெனியும் இப்படியே இருந்தால்? முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

"உங்கள் கல்ச்சர் எப்படி" என்று கேட்டால் விளம்பரம்தான் பதிலாக வரும். எண்ணாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி கேளுங்கள். இந்த நாற்காலியில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே? போன மாதம் ஆன்-கால் வாரத்தில் (கூப்பிட்டால் எந்நேரமும் வேலைக்கு வர வேண்டிய வாரம்) இரவு எத்தனை முறை எழுப்பினார்கள்? இந்த டீமில் ஈராண்டுக்கு மேல் இருப்பவர்கள் எத்தனை பேர்? மேனேஜர் தடுமாறாமல் சொன்னால் நல்லது, எண் கெட்டதாக இருந்தாலும் சரி. பிறகு அங்கே வேலை பார்த்து விட்டவர் ஒருவரைத் தேடிப் பேசுங்கள். காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியின் பழைய மாணவர்கள் இல்லாத பெரிய கம்பெனியைக் காண்பது அரிது. ஊர்க்காரர் ஃபோனில் பத்து நிமிடத்தில் சொல்வதை எந்த ரேட்டிங் தளமும் சொல்லாது.

ஊரிலிருந்தே வேலை பார்க்கும்படி ஒன்று கிடைத்தால் பெரிய வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாமா?

பார்க்கலாம், இரண்டு விஷயம் சரிசெய்தால். முதலாவது இணையம். முகப்பில் ரௌட்டரை வைத்தால் அந்தக் கனத்த செங்கல்-சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டி இரண்டாங்கட்டுக்கு வை-ஃபை போகாது. வளவைச் (உள் முற்றத்தைச்) சுற்றித் தாழ்வாரத்து மரச் சட்டத்தில் கிளிப் வைத்து கேட்-6 கேபிள் இழுத்து, உட்காரும் அறையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வை-ஃபை தரும் பெட்டி) வையுங்கள், கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சில் துளை போட்டால் பக்கத்துப் பூச்சும் சேர்ந்து பெயரும். தவிர அது பங்கு வீடு, பங்காளிகளைக் கேட்காமல் சுவரில் கை வைத்தால் கேபிளைவிட நீளமான பஞ்சாயத்து வரும். வளவில் உட்கார்ந்து மீட்டிங் பேசாதீர்கள், ஆத்தங்குடித் தரையும் உயர்ந்த கூரையும் குரலை எதிரொலிக்கும்.

இரண்டாவது மின்சாரம். துணைமின்நிலைய மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்தடை அறிவிப்பார்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, லேப்டாப், திரை, விசிறி, ரௌட்டர் சேர்த்து 150 வாட் என்றால், இழப்பெல்லாம் போக ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஓட்டும். ஃபைபர் பெட்டியையும் ரௌட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்ட மறந்துவிட்டு, வீட்டில் விளக்கு எரிகிறது, இணையம் மட்டும் இல்லை என்று தவிப்பவர்கள் அதிகம்.

வாரம் இரண்டு நாள் சென்னை அலுவலகம் வரச் சொன்னால் பல்லவன் ரயில் உண்டு. ஆனால் காரைக்குடியில் அதிகாலை ஏறி எழும்பூரில் இறங்கும்போது நண்பகல் ஆகிவிடும், காலை மீட்டிங்குக்கு முந்தின இரவே கிளம்ப வேண்டும். இதையும் சேர்த்துத்தான் சம்பளம் பேசுங்கள்.

விட்ட கம்பெனிக்கே திரும்பப் போக முடியுமா?

முடியும். எச்.ஆர். கோப்பில் "மறுபடி எடுக்கலாம்" என்ற குறிப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். நோட்டீஸை முழுதாகப் பார்த்து, லேப்டாப்பை ஒப்படைத்து ரசீது வாங்கி, வேலையை அடுத்த ஆளிடம் எழுத்தில் ஒப்படைத்தவர்களுக்கு அது பொதுவாகக் கிடைக்கும். ரிலீவிங் கடிதம் வாங்கும்போதே அந்தக் குறிப்பு எப்படி இருக்கிறது என்று எச்.ஆர்.இடம் நேராகக் கேட்டுவிடுங்கள், மெயிலில்.